வலது பாதியில் தைத்த ஜாக்கெட்

ராமநாதபுரத்தில் நான் படித்த ஃபேஷன் டிசைனிங் வகுப்பில் பதினான்கு பேருக்கும் சேர்த்து இரண்டே டம்மிகள். தலை கிடையாது, கை கிடையாது, வெறும் உடம்பு. அதன்மேல் காடாத்துணியைப் போர்த்தி, இழுத்து, குண்டூசி குத்தி, வேண்டாததை வெட்டிவிட்டால் சட்டையின் உருவம் வந்துவிடும். பேப்பரில் கோடு போட்டு வெட்டுவதைவிட இது பெரிய வித்தை என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சிமடத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் எந்தப் பெண் ஏறினாலும் அவள் ஜாக்கெட்டில் விழுந்த சுருக்கம்தான் முதலில் கண்ணில் படும். ஊர் டைலர்கள் எல்லாரும் எனக்கு அப்போது கத்துக்குட்டிகள்.

டம்மியில் வலது பாதிக்கு மட்டும்தான் துணி போர்த்துவோம். அதைக் கழற்றி, மடித்த துணிமேல் வைத்து வெட்டினால் இடது பாதி தானாக வந்துவிடும். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். முறையில் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் என்னுடையது.

அதற்கு முந்தின வருஷம் மதுரையில் அம்மாவின் இடது மார்பை எடுத்திருந்தார்கள். ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தோம். அம்மா நைட்டிக்கு மேல் துண்டு போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டாள். மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகும்போது ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டைகளை மடித்து வைத்து, முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். இந்த நிலையில் அண்ணனுக்குத் தொண்டிப் பக்கம் பெண் அமைந்தது.

“சம்பந்தி வீட்டு ஆளுக முன்னாடி மாலையும் கையுமா நிக்கணும்டி. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அப்படி ஒரு ஜாக்கெட் தச்சுத் தருவியா?” என்று அம்மா கேட்டாள்.

“இதெல்லாம் ஒரு வேலையாம்மா?” என்றேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மத்தியானம் அம்மா கதவைத் தாழ்போட்டாள். துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு நைட்டி ஜிப்பில் கை வைத்தாள்.

“பாத்துக்க. பாத்து அளவெடு. இந்தக் கையும் முன்ன மாதிரி இல்ல, வீங்கிக் கெடக்கு.”

நான் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன சொல்ல? ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோதும் நான் வராண்டாவில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தவள்.

“வேணாம்மா, நைட்டியோடவே எடுத்துக்கிறேன். வலது பக்கம் மட்டும் போதும். வகுப்புல அப்படித்தான்.”

அம்மா ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள். “அப்படியா?” என்றாள். எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன். பாவி.

வகுப்பில் டம்மிக்குப் பஞ்சு வைத்து, பழைய துணி சுற்றி, அம்மாவின் பருமனுக்குக் கொண்டுவந்தேன். வலது பாதிக்குக் காடாவைப் போர்த்தி எடுத்து, அரக்குப் பட்டில் அதையே இடதுக்கும் வைத்து வெட்டினேன். இடது பக்கம் உள்ளே ஒரு ஸ்பாஞ்சை வைத்துத் தைத்தேன். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். “அவங்களுக்குப் போட்டுப் பாத்தாச்சா?” என்று டீச்சர் கேட்டார். “டம்மில பாத்தாச்சு மிஸ்” என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மாவும் அதையே கேட்டாள். “ஒரு தடவ போட்டுப் பாத்துரட்டுமாடி?”

“அதெல்லாம் கச்சிதமா நின்னுச்சும்மா. வீடு பூரா சொந்தக்காரங்க, எங்கன போட்டுப் பாப்ப? சும்மா இரு.”

மறுநாள் காலையில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உடுத்தினாள். ரொம்ப நேரம் ஆனது. வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் நேராக நிற்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. “எப்படிம்மா?” என்று பூரித்துப்போய்க் கேட்டேன். “நல்லாருக்குடி” என்றாள்.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்கு மாலை போட்டு உள்ளே அழைத்துப்போக வேண்டும். பெண் நல்ல உயரம். அம்மா மாலையோடு கைகளைத் தூக்கினாள். வலது கை போனது. இடது கை பாதியில் நின்றுவிட்டது. வீங்கிய கையை அந்தச் சனியன் பிடித்த சட்டைக்கை கவ்விக்கொண்டது. அம்மா வெட்கத்தில் வேகமாக ஒரு இழுப்பு இழுத்தாள். ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏற, ஸ்பாஞ்சு கழுத்தெலும்புக்குக் கீழே போய்ப் புடைத்துக்கொண்டு நின்றது. மாலை பெண்ணின் தலையில் ஒரு பக்கமாகத் தொங்கியது. வீடியோக்காரர் லைட்டை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

சம்பந்தி அம்மா பார்த்துவிட்டார். கட்டிப்பிடிப்பவர்போல முன்னால் வந்து, அம்மாவின் முந்தானையை இழுத்து மூடி, “வாங்க சம்பந்தி, உள்ள போவம்” என்றார். எனக்குப் பின்னால் எங்கள் சொந்தத்தில் ஒருத்தி, “கர்ப்பப்பைன்னுல்ல சொன்னாக” என்றாள். அவள் வாயில் மண் விழ என்று மனதுக்குள் வைதேன். அவளை வைது என்ன செய்ய?

பூசை முழுவதும் அம்மா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்த் தாழ்போட்டாள். சட்டைக்கை கழலவில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“அம்மா, கதவத் தெற. நான் வெட்டி எடுத்துர்றேன்.”

கதவைத் தட்டினேன்.

“நீ வேணாம்டி. அந்தப் புள்ளைய வரச் சொல்லு.”

“எந்தப் புள்ளைய?”

“அண்ணன் பொண்டாட்டிய.”

எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மதினி கல்யாணப் புடவையோடு எழுந்து வந்தாள். என் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பட்டு வெட்டுப்படும் சத்தம் கேட்டது. “வலிக்குதா அத்த?” என்று அவள் கேட்டதும் அம்மா வாய்விட்டு அழுதாள். மதுரையில்கூட அவள் அப்படி அழுததில்லை. நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. இப்போதும் அவளுக்கு ஜாக்கெட் தைப்பது நான்தான். இரண்டு பக்கமும் தனித்தனியாக வெட்டி, இடது கையை அகலமாக வைத்துத் தைக்கிறேன். அளவை மட்டும் மதினிதான் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். போன மாதம் நானே இஞ்ச் டேப்போடு போய் நின்று, “காட்டும்மா, பாக்கிறேன்” என்றேன். “மதினிகிட்டக் கேட்டுக்கடி” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.