சண்முகம் சேட்டனின் தலைக்கனம்

1983 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. ஏலூர் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேசைமேல் சண்முகம் சேட்டனின் டென்னிஸ் மட்டைகள் இரண்டு, சரிபார்க்க வந்தவை, கிடந்தன. அவருடைய மச்சினன் வாசலில் நின்று, "அத்தான் போயிட்டாரு. படகுத்துறையில நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தவருதான்" என்றான்.

சேட்டன் மார்க்கராக இருந்தார். கிளப் உறுப்பினர்களோடு சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடும் வேலை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அடக்கமானவர் என்று யாராவது இரங்கல் கூட்டத்தில் சொன்னால் நம்பாதீர்கள். மதராஸ் வரைக்கும் தன்னை ஜெயிக்க மார்க்கர் எவனுமில்லை என்பார். அது கிட்டத்தட்ட உண்மை என்பதுதான் எரிச்சல்.

ஒருமுறை மதராசில், வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்குப் பயிற்சிக்குப் பந்தடித்துவிட்டு வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "எஞ்சினீயரே, அவன் பேட்டைத் தூக்கிப் பார்த்தேன். அது கடைச் சாமான் இல்லடா. தலையில ஈயம் ஒட்டி, பிடியைச் செதுக்கி, அவன் கைக்குன்னே பண்ணது. நீ ஆலையில காத்தாடிக்கு பேலன்ஸ் பாக்குறேல்ல? எனக்கும் பாரு."

அவருக்கு அப்போது முழங்கை வலி. கை போனால் வேலை போகும். மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கித் தகடாக அடித்து, மட்டைத் தலையின் இரு பக்கமும் ஒட்டினேன். அரத்தின் விளிம்பில் நிறுத்திச் சமநிலை பார்த்துக் கணக்குச் சொன்னேன். "தராசா ஆடப்போகுது? நான்தானே ஆடப்போறேன். இன்னும் கொஞ்சம் வை" என்றார். வைத்தேன். பந்தின் அதிர்வை ஈயம் வாங்கிக்கொள்ள, முழங்கை வலி அடங்கியது. அதிலிருந்து "தலைக்கனம் கூட்டு", "தலைக்கனம் குறை" என்பது எங்களுக்குள் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

அதுதான் வினையாயிற்று. கிளப் செயலாளர் ஒருநாள் இவர் மட்டையைக் கையில் வாங்கிப் புரட்டியபடி, "ஷண்முகா, தலக்கனம் கூடுதலா. அது கொறச்சால் இவிடெ நில்க்காம்" என்றாராம்; தலைக்கனம் அதிகம், குறைத்தால் இங்கே நீடிக்கலாம் என்று அர்த்தம். சேட்டன் நேராக என்னிடம் வந்து ஈயத்தைப் பிரிக்கச் சொன்னார். முழங்கை தாங்காது என்று கத்தினேன். "சாரு சொல்லிட்டாருடா. ஜோலி வேணுமே" என்றார். பிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளரோடு ஆடினார். இரண்டாவது செட்டில் முழங்கை சுண்டி இழுத்து, மட்டை கையிலிருந்து நழுவிவிட்டது. தோற்றார். செயலாளர் தோளில் தட்டி, "இப்போ சரியாயி" என்றார். மற்ற மார்க்கர்கள் சிரித்தபோதுதான் இவருக்கு விளங்கியது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். "அவரு சொன்னது பேட்டை இல்லடா. என்னை."

"யார் தலைன்னு கேட்டிருக்கலாமே, சேட்டா" என்றேன்.

முறைத்தார். பிறகு கையிலிருந்த சாயா சிந்தும்படி சிரித்தார். "ஈயத்தைத் திரும்ப ஒட்டு. பேட்டுக்கு எவ்வளவு கனம்னு என் கை சொல்லும். எனக்கு எவ்வளவுன்னு சொல்ல வீட்டுல ஒருத்தி இருக்கா. சாருக்கு ரெண்டுலயும் பங்கு கிடையாது."

கை தேறியதும் அதே செயலாளரை ஒரே ஒரு கேம் மட்டும் விட்டுக்கொடுத்து அடித்தார். அந்த வாரமே வேலை போயிற்று. எர்ணாகுளத்தில் வேறு கிளப் கிடைக்கும்வரை ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டார். அந்த நாட்களில் அவர் கொஞ்சம் மெலிந்தார். பெருமைப் பேச்சு மட்டும் துளியும் மெலியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, பழைய கிளப்பிலிருந்து நேற்று ஆள் வந்தது. சேட்டனின் மட்டையைக் கண்ணாடி அலமாரியில் வைத்து மரியாதை செய்ய வேண்டுமாம். சேட்டனின் மனைவி, எங்கள் சேச்சி, என்னிடம், "வேண்டாம்டா. அந்த மனுஷனுக்கு உள்ள மூச்சு முட்டும்" என்றார்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒரு பழக்கம்: கணக்கு முடிந்த பிறகும் ஆடுகிறவனைக் கேட்பது. இனிச் செய்யப்போவது:

1. அதே செயலாளரிடம் நேரில் போய் மட்டையைத் தர முடியாது என்பேன். காரணம் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

2. ஒரு மட்டைக்குப் புது நரம்பு பின்னிச் சேச்சியிடம் கொடுப்பேன்.

3. மற்றது, சேச்சியின் சம்மதத்தோடு, அந்தக் கிளப்பில் இப்போதிருக்கும் மார்க்கருக்கு. அவனுக்கும் முழங்கை வலி. ஈயம் எவ்வளவு என்று அவன் கை சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் செயலாளரோடு ஆடும்போது, போதுமா என்று பார்க்கப் போவேன்.