மூன்றாவது வாக்குறுதி

எங்கள் அச்சகத்தில் டிசைன் போடும் பெண்ணுக்கு 'எனக்கென்ன' என்று பெயர் வைத்தது நான்தான். அரசியல் பற்றி யார் வாயைத் திறந்தாலும், "யார் வந்தா எனக்கென்ன?" என்பாள். வயது இருபத்துமூன்று. எல்லாக் கட்சி நோட்டீஸும் அவள் கையால்தான் பிறக்கும். டிசைன் ஒன்றுதான், நிறத்தை மாற்றுவாள், முகத்தை மாற்றுவாள். "போட்டோவுல ஆட்டுற கை மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணா" என்று சிரிப்பாள். உண்மையிலேயே ஒரே கையைத்தான் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எதிர்காலத் திட்டம் அவளிடம் வாரத்துக்கு ஒன்று இருக்கும். ஒரு வாரம் வெளிநாடு, மறுவாரம் சொந்தக் கடை. நான் கட்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டே, "இந்த வார மனக்கோட்டைக்கு வாசல் எந்தப் பக்கம்?" என்று சீண்டுவேன். மாறாத ஆசை ஒன்றும் அவளுக்கு இருந்தது. வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம். அதைக் காட்டினால்தான், தோழியோடு பார்த்துவைத்திருந்த அறையை வாடகைக்குத் தருவார்களாம். அதுவரை அக்கா வீட்டுக் கூடத்தில்தான் வாசம். மாமா டிவியை அணைத்தால்தான் அவளுக்குத் தூக்கம். ஆறு மாதத்தில் கடிதம் தருகிறேன் என்று சேர்த்துக்கொண்ட முதலாளி, எட்டாவது மாதத்திலும் "பார்க்கலாம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்தல் வந்தது. எங்கள் பகுதி வேட்பாளர் பெரிய துணிக் கம்பெனி வைத்திருப்பவர். ஏழு போட்டோ அனுப்பினார், வாக்குறுதிகளை மட்டும் அனுப்பவில்லை. வாசகம் வராத இடத்தில் எதையாவது அடித்து நிரப்பிவைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதற்கு டம்மி என்று பெயர். அசல் வந்ததும் மாற்றிவிட வேண்டும். அவள் அடித்துவைத்த டம்மி இது: ஒன்று, காலை பஸ் காலையிலேயே வரும். இரண்டு, வாடகைக்கு வீடு கேட்பவரிடம் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கக் கூடாது. மூன்று, வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் நிரந்தரம்.

மாலையில் அசல் வந்தது. அதை வேறொரு ஃபைலில் ஏற்றிவிட்டு, டம்மி இருந்த ஃபைலை அச்சுக்கு அனுப்பிவிட்டாள். மூவாயிரம் நோட்டீஸையும் வெட்டிக் கட்டியவன் நான். ஒரு வரி படிக்கவில்லை. ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதோடு என் அரசியல் அறிவு முடிந்துவிடும்.

நோட்டீஸ் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, முதலாளி அதில் ஒன்றும் கையுமாக உள்ளே வந்தார். "யாரு எழுதினது இதை?"

அவள் முகம் வெளிறிவிட்டது. கடிதம் கிடக்கட்டும், இருக்கிற வேலையும் போய்விடும் போலிருந்தது. முதலாளிக்குப் பின்னாலேயே வேட்பாளர் நின்றார்.

"நான்தான் சார். மாத்த மறந்துட்டேன்."

வேட்பாளர் ஆற அமர உட்கார்ந்தார். "இருபது வருஷமா நோட்டீஸ் குடுக்கறேன். ஒருத்தரும் படிச்சதில்ல. இன்னைக்குப் பஸ் ஸ்டாப்ல மறிச்சு நிறுத்திக் கேக்கறாங்க, நிஜமாவான்னு. இன்னொரு அஞ்சாயிரம் போடுங்க. நாலு மணிக்குள்ள வேணும்." பிறகு மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "இது மட்டும் வேண்டாம். என் கம்பெனியிலயே நிரந்தரமில்லாம முந்நூறு பேர் இருக்காங்க. அவங்க கையிலயும் இது கிடைக்குமே."

"அதானே," என்று முதலாளி அவசரமாகத் தலையாட்டினார். "எடுத்துடும்மா."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எடுக்கறேன் சார். என் லெட்டரைக் குடுத்துடுங்க."

"தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் 'பார்க்கலாம்' எனக்கும் ஒன்பது வருடப் பழக்கம். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி இருந்தே காலத்தை ஓட்டிவிட்டேன். அன்றைக்கு என்ன ஆயிற்றோ, மெஷினை அணைத்தேன். "எனக்கும் சார்," என்றேன்.

அந்த மெஷினை ஓட்ட என்னை விட்டால் ஆளில்லை. வேட்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி வேட்பாளரைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் அடிச்சு எடுத்துட்டு வா. கையெழுத்துப் போட்டுத் தொலைக்கிறேன்."

அவளே அடித்தாள். "நீங்க எப்பண்ணா சேர்ந்தீங்க?" என்று கேட்டு, என் கடிதத்தில் அந்தப் பழைய தேதியையே போட்டாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டார். அதன்பிறகு அவள் மூன்றாவது வரியை அழித்தாள். மற்ற இரண்டின் எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கி இடத்தை நிரப்பினாள்.

மூன்று மணிக்குக் கட்டிங் மேசைக்கு வந்து, அடுக்கிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துப் பார்த்தாள்.

"ரூமுக்கு எப்ப சாமான் ஏத்தணும்?" என்றேன்.

"நமக்குக் கிடைச்சிடுச்சு," என்றாள். "அந்த முந்நூறு பேருக்கு நானே அழிச்சுட்டேன் இல்லண்ணா?"

தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் வெட்டி, நாலு மணிக்குள் கட்டிக் கொடுத்தேன்.