அண்ணார் கேட்ட சத்தம்

இந்நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இளையவனாகிய என் வணக்கம். எங்கள் அண்ணார் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவர்தம் வாழ்வைக் குறித்து நான் எழுத வேண்டுமென அண்ணியார் பணித்தார். நான் பள்ளியில் அதிகம் பயின்றவனல்லன். பிழை காணின் பொறுத்தருள்க.

அண்ணார் முகையூருக்கு அருகே தலைமகனாகப் பிறந்தார். மல்லாட்டை என்னும் நிலக்கடலை விளைந்த சிறு நிலம் எங்கள் அனைவருக்கும் போதாதென்று உணர்ந்து, இளம் வயதிலேயே திண்டிவனம் சென்று லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். ஓட்டுநரானார். பின்னர் சொந்தமாக ஒரு டீசல் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அதில் ஏறாத மணமகளோ, பிரசவத்துக்குப் போகாத பெண்ணோ நம் குடும்பத்தில் இல்லை. யார் எதைக் கேட்டாலும் “ஆவட்டும்” என்பார். அதன்பின் அக்காரியம் நடந்துவிடும்.

பக்கவாதம் கண்டபோது அவருடைய வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சும் போயிற்று. அந்த ஒரு சொல் மட்டுமே எஞ்சியது. பசித்தாலும் ஆவட்டும், வலித்தாலும் ஆவட்டும், வேண்டாம் என்பதற்கும் அதுவே. தலையசைப்பையும் நம்ப இயலாது, ஆமென்பதும் இல்லையென்பதும் இடம் மாறி வரக்கூடும் என்றார் மருத்துவர். அறிவு தெளிவாகவே உள்ளது என்றும் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் நாங்கள் அதிகம் கலங்கினோம்.

உடற்பயிற்சிச் சிகிச்சைக்காக அவரை விழுப்புரத்துக்கு அவருடைய காரிலேயே அழைத்துச் சென்று வந்தோம். அண்ணாருடைய மகளின் கணவராகிய மாப்பிள்ளை ஓட்டுவார். ஒருநாள் என்ஜினிலிருந்து டொக்கு டொக்கென்று புதிதாக ஒரு சத்தம் எழுந்தது. பின் இருக்கையில் சாய்ந்திருந்த அண்ணார் தலையை நிமிர்த்தினார்.

“என்னாங்க, வண்டியில என்னா?” என்று அண்ணியார் கேட்டார்.

“ஆவட்டும்” என்றார் அண்ணார்.

திண்டிவனத்தில் அவருக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக்கிடம் காட்டினோம். அங்கே சத்தம் வரவில்லை. “என்னப் பாத்தா மட்டும் பூனை மாதிரி நின்னுக்கினு இருக்குது. அண்ணனக் கூட்டியாங்க, அவரு காதுக்குத் தெரியாததா” என்றார் அவர். அண்ணாரை அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தினோம். மெக்கானிக் என்ஜினை முடுக்கி, சத்தம் மெல்லிதாய் எழுந்ததும், டீசல் செல்லும் நான்கு குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறுகிறதோ, பழுது அங்கேதான் என்பது கணக்கு.

“இதுவாண்ணே?”

“ஆவட்டும்.”

“அப்ப இதுவா?”

“ஆவட்டும்.”

“நாலுக்கும் ஓட்டு போட்டுட்டீங்களேண்ணே.”

அண்ணார் ஒரு பக்க வாயால் சிரித்தார். அச்சிரிப்பு அப்படியே அழுகையாயிற்று. மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, தாமே போய் டீ வாங்கி வந்து குடிக்க வைத்தார். பின்பு டீசலைப் பீச்சும் நாசில்களை மாற்றிக் கொடுத்தார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய இயலும்?

அடுத்த பயணத்தில் விக்கிரவாண்டியைத் தாண்டியதும் சத்தம் மீண்டும் எழுந்தது, இம்முறை கனமாக. அண்ணார் இடக்கையால் முன் இருக்கையைத் தட்டினார். “ஆவட்டும், ஆவட்டும்” என்றார்.

“மாமா போவச் சொல்றாரு. ஜல்தியா போயிட்டா அங்கயே பாத்துக்கலாம்” என்று மாப்பிள்ளை வேகத்தைக் கூட்டினார். அவர் அருகில் இருந்த நானும் “போங்க மாப்ள” என்றேன். அண்ணார் தட்டிக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் இரும்பு உடையும் ஓசை, புகை, சாலையெல்லாம் எண்ணெய். வண்டி ஓரமாக உருண்டு நின்றது. உள்ளே பேரிங் தேய்ந்து, ராடு முறிந்து, என்ஜினையே பிளந்துவிட்டிருந்தது. சத்தம் கேட்டவுடன் நிறுத்தியிருந்தால் பேரிங்கோடு போயிருக்கும் என்று மெக்கானிக் பின்னர் கூறினார்.

“நிறுத்தச் சொல்லிக்கினு இருந்திருக்காரு. நாமதான் போய்க்கினே இருந்தோம்” என்றார் அண்ணியார்.

மாப்பிள்ளை பின்கதவைத் திறந்து அவர் கையைப் பற்றி, “நிறுத்தவா சொன்னீங்க மாமா?” என்று கேட்டார். அண்ணார் வாய் திறந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அன்று முதல் அந்த ஒரு சொல்லையும் அவர் சொல்லவில்லை.

பின்னர் காய்ச்சலும் சளியும் கண்டு படுக்கையானார். என் கையை இடக்கையால் அழுத்துவார். ஒருமுறை அழுத்தினால் தண்ணீர், இருமுறையானால் புரண்டு படுக்க என்று நானே பொருள் வகுத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. அழுத்திக்கொண்டிருந்த கை ஒரு விடியற்காலையில் தளர்ந்தது.

அன்று சாலையில் எங்களைக் கண்டு தம் வேனில் ஏற்றி வந்த பெயரறியா அன்பருக்கும், கடைசிவரை வந்து பார்த்த மெக்கானிக்குக்கும், முகம் சுளிக்காது பணிவிடை செய்த செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. மாப்பிள்ளை தம்மை நொந்துகொள்ள வேண்டாமென இதன் வழியாகவும் தெரிவிக்கிறேன்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாதங்களில் தங்களுள் பலர் அவரருகே அமர்ந்திருந்தீர்கள். அவர் இன்னது வேண்டுமென்றார், இன்னது வேண்டாமென்றார் என்று எவருக்கேனும் சிறிதாயினும் தோன்றியிருந்தால், அண்ணியாரிடம் வந்து சொல்லுங்கள். அது சரிதானா என்று நாங்கள் கேட்க மாட்டோம்.