அவகாசம் என்றால் உரிமை

போன வாரம் என் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். ஆபீஸில் எதையோ படித்திருக்கிறாள். மாநிலங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, எங்கே மனிதர்களுக்குச் சுதந்திரம் அதிகம், எங்கே தொழில் செய்யச் சுதந்திரம் அதிகம் என்று யாரோ மார்க் போட்டிருக்கிறார்களாம்.

"நம்ம கேரளத்துக்கு நீ எவ்வளவும்மா போடுவே?" என்றாள்.

"போடி, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டேன். வைத்தேனே தவிர, அன்றைக்கு முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை. திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் நான் இருந்த இருப்பெல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது.

நான் வாழ்க்கைப்பட்டது திருநெல்வேலியில் ஒரு கூட்டுக் குடும்பத்தில். என் கணவரின் அண்ணன்தான் அங்கே எல்லாம். அவரை நான் அத்தான் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அத்தான் கெட்டவர் இல்லை. கேட்டதை வாங்கித் தருவார், காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் விழித்திருப்பார். ஆனால் தெருமுனைத் தையற்கடைக்குப் போய் ரவிக்கை வாங்கி வருவதென்றாலும் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அக்காவுக்கு அம்மா வீடு நாலு தெரு தள்ளித்தான். நினைத்தபோது போய்விட முடியாது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

என் கணவருக்குச் சாலை பஜாரில் ஒரு தானியக் கடையில் கணக்கு வேலை கிடைத்தது. கரமனையில் வீடு பிடித்துக் குடிவந்தோம். வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் புளி தீர்ந்துவிட்டது. அவரோ சாயங்காலம்தான் வருவார். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு, யார் கேட்டாலும் சொல்ல ஒரு பதிலை உருப்போட்டபடி, பஸ் ஏறிக் கிழக்கேகோட்டையில் இறங்கி, சாலை பஜாருக்குள் நடந்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புளி வாங்கிய கடைக்காரர் நம் பக்கத்துக்காரர். "எந்த ஊரும்மா?" என்றாரே தவிர, "யாரு கூட வந்திருக்கிய?" என்று கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்து தனியாக உட்கார்ந்து ஒரு நெய் ரோஸ்ட் சொன்னேன். திருநெல்வேலியில் இதைச் செய்திருந்தால் நான் கை கழுவும் முன்னால் சேதி வீட்டுக்குப் போயிருக்கும். இங்கே பரிமாற வந்தவர், "சேச்சிக்கு வடை வேணோ?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரோஸ்ட்டுக்காக அழுத பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடடா, என்ன நாட்கள் அவை! மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆற்றங்கரைவரை சும்மா நடந்துவிட்டு வருவேன். ஸ்டாப்பில் நிறுத்தாத பஸ்காரனோடு பொம்பளைகள் சண்டை போடுவதை முதலில் வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு நானும் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, குறையும் உண்டு. இருட்டினால் வெறித்துப் பார்க்கிற கண்கள் இங்கேயும் இருந்தன. வீட்டுச் சொந்தக்காரர், எங்களைப் பார்க்க யார் வந்தாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். இருந்தாலும் எனக்கு அந்த ஊர் வெல்லக்கட்டியாக இனித்தது.

அது பறிபோகப் பார்த்தது. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் கணவர் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். சேதி கேட்ட அத்தான் உடனே போன் செய்தார். "எதுக்கு அங்க கெடந்து சங்கடப்படுதிய? ஊருக்கு வந்து நம்ம கடையில இருக்கச் சொல்லு" என்றார். என் கணவர் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேச மாட்டார். நான்தான் யோசித்து, ஆரியசாலையில் ஒரு சின்ன அறை வாடகைக்கு இருக்கிறது, மாவு மில் போடுகிறேன் என்றேன். என்ன நினைத்தாரோ, அத்தான் ஒத்துக்கொண்டார்.

"மிசினை நானே கோயம்புத்தூர்ல எடுத்து லாரியில கொண்டாந்து எறக்குதேன். ஓடிச்சுன்னா இருங்க. ஓடலைன்னா மறுபேச்சு இல்லாம ஊருக்கு வந்திரணும்" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மிஷின் வந்த அன்று வானம் கறுத்துக் கிடந்தது. என் கணவர் கரண்ட் ஆபீஸுக்குப் போயிருந்தார். அத்தான் லாரியை அறை வாசலில் நிறுத்தி, கூட வந்த தன் ஆட்கள் இருவரையும் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அதற்குள் நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளிகள் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். அந்தத் தெருவில் எந்தச் சுமையானாலும் அவர்கள்தான் ஏற்றி இறக்க வேண்டும்.

அவர்களின் தலைவர் என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் சொன்னார். "சேச்சி, இறக்குந்நது ஞங்ஙளுடெ அவகாசமாணு."

அத்தானுக்குக் கோபம் பிடித்துக்கொண்டது. நம் தமிழில் அவகாசம் என்றால் நேரம்தானே? "மழ இந்தா வாரேன், அந்தா வாரேன்னு நிக்கி, இவன் அவகாசங்கான்! ஏன்யா, ஒங்க அவகாசத்துக்கு மழ காத்துக்கிட்டுக் கெடக்குமா?" என்று கத்தினார்.

தலைவருக்கு முகம் மாறியது. "அவகாசத்தெப் பற்றி சோதிக்கான் இவன் ஆரா?" என்றார். தங்கள் உரிமையைக் கேட்க இவன் யார் என்கிறார்.

நான் குறுக்கே விழுந்தேன். "அத்தான், இங்க அவகாசம்னா நேரம் இல்ல, உரிமை. எறக்குறது அவங்க உரிமைன்னு சொல்லுதாங்க."

விளக்கம் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல! அத்தான் இன்னும் எகிறினார். "உரிமையா? நல்லாருக்கே கத! என் சாமானை எறக்க இவனுக்கு என்னல உரிம?"

தலைவர் அசையவில்லை. வேண்டுமானால் உங்கள் ஆட்களே இறக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், நோக்குகூலி தந்தால் போதும் என்றார். பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் கூலி! அத்தான் முதலில் சிரித்தார், பிறகு முகம் ரத்தமாகச் சிவந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த விஷயத்தில் நியாயம் அத்தான் பக்கம்தான். தொழிலாளிகள் எதிர்க்கடைப் படியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். மழை தூற ஆரம்பித்தது.

"இது மனுசன் சுதந்திரமாப் பொழைக்க ஊரா?" என்றார் அத்தான். "வண்டியத் திருப்புல! நீயும் ஏறும்மா முன்னால. அவனையும் பிள்ளையையும் நாளைக்குக் கூட்டிக்கிடலாம்."

டிரைவர் லாரியைக் கிளப்பிவிட்டான். முன்பக்கக் கதவு திறந்திருந்தது. ஏறி உட்கார்ந்தால் முடிந்தது. மறுபடியும் அந்த வீடு, அந்தத் தையற்கடை, அந்தத் துணைக்கு ஆள். என் கால் நகரவில்லை.

"நான் வரல அத்தான்."

"என்னது?"

"நான் வரல. மிசின் இங்கதான் எறங்கும்."

"யாரைக் கேட்டுச் சொல்லுதே நீ?"

"யாரையும் கேக்கல."

சொன்ன வேகம் அடங்குவதற்குள் தலைவர் பக்கம் திரும்பினேன். "அண்ணா, எறக்குங்க. எறக்குனதுக்குக் கூலி வாங்கிக்கோங்க. சும்மா பாத்ததுக்கு ஒண்ணும் கெடையாது. அது ஒங்க அவகாசம் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "சேச்சி கொள்ளாமல்லோ!" என்று மெச்சிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். பிள்ளைத்தாய்ச்சியைப் பஸ்ஸிலிருந்து இறக்குவதுபோலப் பதமாக இறக்கி, உள்ளே கொண்டுபோய் வைத்துக் கொடுத்தார்கள். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார். அன்றைக்குக் கூலி இல்லாமல் வேடிக்கை பார்த்தது அவர் ஒருவர்தான்.

நனைந்துகொண்டு வந்து சேர்ந்த என் கணவரிடம், "ஒம் பொண்டாட்டி வரமாட்டாளாம்" என்றார் அத்தான். இவர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிண்ணே, இருக்கட்டும்" என்றார். அத்தான் சாப்பிடாமலேயே லாரி ஏறிப் போனார். அவரைப் பட்டினியாக அனுப்பியது எனக்கு இன்னும் மனதுக்குச் சங்கடம்தான்.

மில் நன்றாகவே ஓடியது, மோட்டார் மாற்றி இன்றும் ஓடுகிறது. நோக்குகூலி கூடாது என்று பிறகு அரசாங்கமே சொல்லிவிட்டது. நல்ல காரியம். ஆனால் மார்க் போடு என்றால் எப்படிப் போடுவது? என் சாமானை என் இஷ்டத்துக்கு இறக்க விடாத ஊர்தான் அது. வரமாட்டேன் என்று சொல்லும் வாயை எனக்குக் கொடுத்ததும் அதே ஊர்தான். இதைப் போனில் மகளுக்கு எப்படி விளக்க?

லாரி போன மறுவாரம் ஒரு மத்தியானம், வீட்டில் போன் அடித்தது. அக்கா. தானாக அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை. எல்லாரும் தூங்குகிறார்கள் போலிருக்கிறது, குரல் கிசுகிசுவென்று வந்தது.

"ஏட்டி, நீ அவுககிட்ட என்னமோ சொன்னியாமே?"

திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். "கோவத்துல வாயில வந்துட்டுக்கா" என்றேன்.

"அது கெடக்கட்டும். என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

"யாரைக் கேட்டுச் சொல்லுதேன்னாக. யாரையும் கேக்கலன்னேன்."

அக்கா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் சொல்லிப் பார்ப்பதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

"யாரையும்... கேக்கல."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டாள்.