இரண்டாவது ஜோடிக் காலுறை

இதைச் சொன்னால், கிழவனுக்குப் பிளம் சாராயம் தலைக்கேறிவிட்டது என்பார்கள் எங்கள் ஊரில். சொல்லிக்கொள்ளட்டும். அன்று நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. நடந்தது நடந்ததுதான்.

என் மனைவி ஸ்தானிட்சா போன பனிக்காலத்தில் இறந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய தறியையும் நூல் பெட்டியையும் ஏரிக்கரை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு வீடு இன்னும் வெறிச்சோடிப் போனது. பேச ஆளில்லாமல் அடிக்கடி அந்தத் தறியைப் பார்க்கப் போவேன்.

அன்று பகல் மூன்று மணி. ஏரி உறைந்து கிடந்தது. கடலோர ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த மிலுன்கா கதவைத் திறந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, அங்கே தரும் கம்பளிக் காலுறையோடுதான் உள்ளே போக வேண்டும். ஒரு ஜோடியை என் கையில் தந்தாள். இன்னொன்றை எனக்குப் பின்னால் குனிந்து வைத்தாள்.

"தரை ஐஸ் மாதிரி இருக்கு பெரியவரே. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டுப் போங்க."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பயத்துக்குப் பதில் சந்தோஷம்தான் வந்தது. ஸ்தானிட்சா என்னோடு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மாடிப்படி ஏறினேன். பின்னால்... சளக்... சளக்... ஈரக் காலடி. திரும்பினால் போய்விடுவாளோ என்று திரும்பவே இல்லை.

தறி முன் நின்றேன். "குளிருதாடி?" என்று கேட்டேன்.

சத்தம் நின்றது.

ஒரு கை என் விரல்களைப் பிடித்தது. சில்லென்று... நனைந்து...

மிகச் சின்னக் கை.

அது ஸ்தானிட்சாவின் கை இல்லை.

எப்படிக் கீழே வந்தேனோ தெரியாது. மிலுன்கா சிரித்தாள்.

"என்ன பெரியவரே, பேத்தியை மேல விட்டுட்டு ஓடுறீங்க?"

"எனக்குப் பேத்தி இல்லம்மா."

"உங்க கோட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தானே உள்ள வந்தா?"

மிலுன்காவின் முகம் வெளுத்தது. மேலே போய்த் தேடினாள். ஆளும் இல்லை, காலுறையும் இல்லை.

அந்தக் காலுறை எங்கிருந்து வந்தது என்று மறுநாள் மிலுன்காவைக் கேட்டேன். அங்கே பெரியவர்கள் அளவு மட்டும்தான் உண்டாம். அந்தச் சின்ன ஜோடி, தறியோடு நான் கொடுத்த நூல் பெட்டியின் அடியில் இருந்ததாம். குதிகாலில் சிவப்பு நூலாம்.

சிவப்புக் குதிகால் ஸ்தானிட்சா பின்னுவது. பிள்ளை இல்லாத வீட்டில் யாருக்குப் பின்னினாள்? நாற்பது வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த ஜோடி இப்போது என் வீட்டு வாசலுக்கு உள்ளே கிடக்கிறது. நான் கொண்டுவரவில்லை. அடுப்பருகே வைத்து உலர்த்துகிறேன். விடிந்தால் மறுபடி அதே இடத்தில், நனைந்து கிடக்கிறது.

பயம்தான். ஆனாலும் இரவில் கதவைத் தாழ் போட மனம் வரவில்லை.