எங்கள் வீட்டுப் படிவம்

அறுபதுகளின் நடுவில் நான் மல்லாங்கிணறில் ஆசிரியராக இருந்தேன். பெரியவர்களில் எத்தனை பேருக்கு மனநோய் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். கேட்டு எழுதும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. ‘உண்டு’ என்று எழுதிய வீடுகளுக்கு டாக்டர்களே நேரில் வந்து மருந்து கொடுப்பார்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

பெரும்பாலான வீடுகளில், “இங்கன அப்படி யாரும் இல்ல சார்” என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கீழத்தெருவில் ஒரு பெண் மட்டும் என்னை உட்காரவைத்துத் தன் கணவரைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். “யாரோ கூப்பிடுறாகன்னு காட்டுப் பக்கமே ஓடுறாரு. எழுதிக்கோங்க. ஊரு பேசுனா பேசட்டும்.”

எங்கள் வீட்டுப் படிவத்தையும் நான்தான் நிரப்பவேண்டும். என் அண்ணன் அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பக்கத்து அறை வெடித்து, கூட வேலை செய்தவர் கருகிக் கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து வெளியே இறங்குவதில்லை. அம்மா அடுப்பு மூட்டினாலே கொல்லைச் சுவரோடு ஒட்டி நின்று நடுங்குவார். அந்தச் சமயம் எனக்குக் காரியாபட்டியில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நமக்கு என்னலே எழுதப்போற?” என்றாள் அம்மா.

“உள்ளதத்தான்.”

“அவன் பயந்துருக்கான், அம்புட்டுதான். உன் கல்யாணம் முடியட்டும், பொறவு பாப்போம்.”

‘இல்லை’ என்று எழுதினேன். அண்ணன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கீழத்தெருக்காரருக்கு மாத்திரை கிடைத்தது. அடுத்த மழைக்கு அவர் ஏர் பிடித்துப் போவதைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆனது. அண்ணனைப் பார்த்த என் மனைவி வேறெதுவும் சொல்லவில்லை, “இவுகள ஏன் டாக்டர்ட்ட காட்டல?” என்று மட்டும் கேட்டாள். அப்படியும் அவரை மதுரைக்குக் கூட்டிப்போக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

“இத்தனை நாள் ஏன் கூட்டிட்டு வரல?” என்றார் டாக்டர்.

“தம்பி கூப்பிட்டான் சார். நான்தான் வரமாட்டேன்னுட்டேன்” என்றார் அண்ணன்.

மருந்தில் நடுக்கம் குறைந்தது. தெருமுனை வரை நடந்தார். அதற்கு மேல் கடைசிவரை போகவில்லை. அந்தக் கணக்கெடுப்பில் எங்கள் ஊருக்கு என்ன எண் வந்ததோ தெரியாது. அதில் ஓர் ஆள் குறைவு. என்னைப் போல இன்னும் எத்தனை பேர் எழுதினார்களோ.