மடியில் வந்த கண்ணாடி

கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். துத்தநாக உப்புக் கரைசலைச் சூடான கண்ணாடித் துண்டுகள்மேல் மெல்லிய சாரலாகத் தெளிப்பேன். சூட்டில் அது துத்தநாக ஆக்சைடாக மாறிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். மழைக்காலம் முழுக்கத் திட்டுத்திட்டாகவே வந்தது. ஒருவழியாகச் சீராக அமைந்த துண்டுகளைப் பெட்டியில் வைத்து, கோவையில் சோதிப்பதற்காகப் பழனி பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்தில், சந்தைக்கு வந்துவிட்டு, வழியில் இருக்கும் வடகவுஞ்சிக்குத் திரும்பும் ஓர் அக்கா.

"பெட்டிக்குள்ள என்ன பாப்பா?"

"கண்ணாடிங்கக்கா. மேல ஒரு பூச்சு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தா எல்லாம் போச்சு."

"கண்ணுக்கே தெரியாததுக்கா இம்புட்டுப் பயம்?" என்று சிரித்தார்.

பெருமாள்மலை தாண்டியதும் வளைவுகளில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. அவர் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னலில் சாய்ந்து அப்படியே அசந்து தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பஸ் பழனி வந்திருந்தது. பெட்டி இன்னும் அவர் மடியில், இரண்டு கைகளுக்குள் இருந்தது.

"அக்கா, வடகவுஞ்சியில நீங்க இறங்கலையா?"

"எழுப்பிப் பார்த்தேன், நீ கண்ணே தொறக்கல. பஸ்ஸு குலுக்குற குலுக்குல இத எங்கிட்டு வைக்க? மாட்டுக்குத் தண்ணி காட்டணும், அடுத்த பஸ்ல வெரசாப் போயிருவேன். நீ மொதல்ல ஒரு சோடா குடி."

நான் நன்றி சொல்வதற்குள் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மலை பஸ் நிற்கும் பக்கம் நடந்துவிட்டார்.

கோவையில் பார்த்தபோது ஒரு துண்டில்கூடக் கீறல் இல்லை. அந்தப் படலத்தால் என்ன பயன் என்று அந்த அக்கா கேட்கவே இல்லை. நான் பயந்ததைப் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக நான் என் ஊரைத் தாண்டிப் போயிருப்பேனா என்று இன்றும் யோசிக்கிறேன்.